கழுகுமலையின் பூங்கா எது?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அப்பா, இன்றைக்கு எங்கே போகலாம்?"

சென்னைப் பிள்ளை கேட்டால் அப்பாவிடம் பதில் உண்டு. மெரினா கடற்கரை இருக்கிறது. கிண்டியில் சிறுவர் பூங்கா இருக்கிறது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளை கேட்டால் லால்பாக் இருக்கிறது.

கழுகுமலைப் பிள்ளை கேட்டால்?

அப்பா யோசிக்கிறார். குற்றாலம் போகலாம். ஆனால் அருவியில் தண்ணீர் விழ வேண்டும். திருச்செந்தூர் போகலாம். ஆனால் ஐந்து பேருக்குப் பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும். போனால் வெறும் வயிற்றோடு திரும்ப முடியாது. சாப்பாட்டுச் செலவும் சேரும். ஒரு நாள் கூலியோடு போகாது. ஒரு வாரக் கூலியே கரைந்து போகும்.

"அடுத்த வாரம் பார்ப்போம்" என்கிறார் அப்பா. பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது.

"இந்த ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும்" என்று பலர் ஆசைப்படுவது நியாயம். கரிசல் சீமையில் எந்த ஊரைக் கேட்டாலும் இதே ஆசைதான். ஆனால் கழுகுமலைக்காரர்கள் பூங்காவைத் தேடி அலைய வேண்டாம். புதிதாகக் கட்டவும் வேண்டாம். ஊரை ஒட்டி, ஆகாயத்தைத் தொட்டுக்கொண்டு, அது நிற்கிறது. அந்த மலைதான் ஊரின் பூங்கா!

மலையைப் பூங்கா என்று ஊர் நினைக்காததுதான் குறை.

பூங்கா யாருக்கு?

"சோற்றுக்கே பாடுபடுகிறவனுக்குப் பூங்கா ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. இது பழைய கேள்வி. நியாயம்போலத் தோன்றும். ஆனால் நியாயம் அல்ல.

பணக்காரர் வீட்டைப் பாருங்கள். முன்னால் தோட்டம். பின்னால் தோட்டம். மாடியில் காற்று. கோடை வந்தால் கொடைக்கானல், ஊட்டி. அவருக்கு ஊர்ப் பூங்கா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்துக்குத்தான் பூங்கா வேண்டும். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். அவர்களில் பெண்களே அதிகம். காலையில் போனால் மாலையில்தான் திரும்புகிறார்கள். நாளெல்லாம் மருந்து வாசம், குச்சி, பெட்டி, கணக்கு. வீட்டுக்கு வந்தால் அடுப்பு. அவர்கள் கால் நீட்டி உட்கார்ந்து, நாலு வார்த்தை பேச ஓர் இடம் வேண்டாமா?

ஆண்களுக்காவது டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பஸ் நிலையம் இருக்கிறது. முடிதிருத்தும் கடை இருக்கிறது. ஊர்க்கதை பேசலாம். பத்திரிகை படிக்கலாம். பெண்கள் எங்கே உட்காருவார்கள்? கோயிலை விட்டால் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. வயதான பாட்டிக்கும், பிள்ளைத் தாய்ச்சிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் திண்ணைகூட இல்லாமல் போய்விட்டது. புதிய வீடுகளில் திண்ணை வைப்பதில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் இருக்கிறது. அங்கே சென்ட்ரல் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. 843 ஏக்கர். 1858-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். காசு உள்ளவர்கள் கோடையில் மலைக்கும் கிராமத்துக்கும் போய்விடுகிறார்கள், போக முடியாத உழைப்பாளிகளுக்கு ஊருக்குள்ளேயே அந்தச் சுகம் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக மண்ணை வெட்டிச் சுமந்தார்கள். ஏரிகளை உண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள்.

நியூயார்க்காரர்கள் பணம் கொட்டி உண்டாக்கியதில் பாதியை, கழுகுமலைக்கு இயற்கையே சும்மா கொடுத்திருக்கிறது.

முன்பு எப்படி இருந்தது?

பூங்கா என்றதும் இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த சங்கதி என்று நினைக்கக் கூடாது. பூங்கா, பொழில், சோலை, நந்தவனம் என்று எத்தனை தமிழ்ச் சொற்கள்! பொருள் இல்லாமலா சொல் பிறக்கும்? காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்த சோலைகளைச் சிலப்பதிகாரம் பேசுகிறது.

கரிசல் காட்டு ஊர்களிலும் பூங்கா இருந்தது. அதற்குப் பூங்கா என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஊரணிக்கரை அதுதான். மந்தை அதுதான். கண்மாய்க்கரை ஆலமரம் அதுதான். ஆலமரத்து விழுதில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடினார்கள். பெரியவர்கள் நிழலில் ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள்.

குழாயில் தண்ணீர் வந்தது. நல்லதுதான். ஆனால் பல ஊர்களில் ஊரணி குப்பைத் தொட்டியாகிவிட்டது. மந்தையில் கட்டடம் வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது ஆலமரம் போயிற்று. ஊருக்கு வசதி வந்தது. ஊர் கூடும் இடம் போய்விட்டது!

மலைமேல் என்ன இருக்கிறது?

கழுகுமலை, கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். சங்கரன்கோவில் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரிக் காடு. நடுவில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலை.

அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்து எடுத்த கருவறையில் முருகன் இருக்கிறார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். இது எல்லோருக்கும் தெரிந்தது.

மேலே ஏறினால் இருப்பது பலருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர்களிலேயே ஏறிப் பார்க்காதவர்கள் உண்டு!

மலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செய்தது. கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் அல்ல. மலைப் பாறையைச் சுற்றிலும் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நின்ற கல்லையே கோயிலாகச் செதுக்கினார்கள். மகாராஷ்டிரத்தில் எல்லோராவில் இருக்கும் புகழ்பெற்ற கைலாசநாதர் கோயிலும் இந்த முறையில் செய்ததுதான்.

வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தில் தொடங்குவான். வெட்டுவான் கோயிலைச் செய்தவர்கள் உச்சியில் தொடங்கினார்கள். மேலிருந்து கீழே வந்தார்கள். ஒரு தவறான அடி விழுந்தால் போயிற்று. கல்லை ஒட்ட வைக்க முடியாது. விமானத்தில் நந்திகள் படுத்திருக்கின்றன. பூதகணங்கள் விளையாடுகின்றன. உமையோடு சிவபெருமான் உட்கார்ந்திருக்கிறார். தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார். இப்படி ஒரு தட்சிணாமூர்த்தியை வேறு இடத்தில் காண்பது அபூர்வம்.

கீழ்ப்பகுதி மட்டும் முடியவில்லை. வேலை பாதியில் நின்றுவிட்டது. தகப்பனும் மகனும் சிற்பிகள் என்றும், போட்டியில் தகப்பன் கையாலேயே மகன் இறந்தான் என்றும், அதனால் கோயில் நின்றுபோனது என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும். பாதியில் நின்றதிலும் ஒரு லாபம் இருக்கிறது. உளி எப்படி இறங்கியது, கல் எப்படிக் கழிந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் சமணச் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர் இருக்கிறார். கொடி சுற்றிய பாகுபலி நிற்கிறார். சிங்கத்தோடு அம்பிகை நிற்கிறாள். சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்தில் பெயர்கள். யார் செய்வித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் குரத்தியர் என்று பெண் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலை ஒரு பள்ளிக்கூடம். அதில் பெண்களும் பாடம் சொன்னார்கள். பெண் பிள்ளையைப் படிக்க வைக்கத் தயங்கும் எந்தத் தகப்பனையும் இந்த மலைக்குக் கூட்டி வர வேண்டும்!

சமணர் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே அய்யனார் குடியிருக்கிறார். அடிவாரத்தில் முருகன். ஒருவரை ஒருவர் விரட்டவில்லை. ஒரே மலையில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டு மேலே போனால் காற்று. வியர்வை நொடியில் உலர்ந்துவிடும். கீழே கரிசல் காடு கம்பளம்போல விரிந்து கிடக்கும். மழைக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் ஒரே பச்சை. சித்திரையில் பார்த்தால் ஒரே கறுப்பு. மயில் அகவும். மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும்.

இதற்கு மேல் ஒரு பூங்காவில் என்ன வேண்டும்?

சென்னை இழந்த பூங்கா

"மலை எங்கே போய்விடும்? அது அங்கேயேதான் இருக்கும்" என்று சொல்லக் கூடாது. சென்னைக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறு ரயில் நிலையம் இருக்கிறது. அதற்குப் பெயர் பார்க் ஸ்டேஷன். அந்தப் பகுதிக்குப் பெயர் பார்க் டவுன். ரயிலை விட்டு இறங்குகிற கிராமத்துக்காரர், "பார்க் எங்கே?" என்று கேட்டால் யாராலும் சட்டென்று கையைக் காட்ட முடியாது.

பார்க் இருந்தது! 1859-ல் சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் உண்டாக்கினார். 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர். மக்கள் பூங்கா என்று பொருள். 116 ஏக்கர் பரப்பு. குளங்கள் இருந்தன. பாதைகள் இருந்தன. பாண்டு வாத்திய மேடை இருந்தது. மிருகக்காட்சி சாலையும் வந்தது.

வெளியூர் ஜனங்கள் பட்டணம் பார்க்கப் போனால் இரண்டு 'காலேஜ்' பார்க்காமல் திரும்பமாட்டார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அந்த உயிர் காலேஜ் இருந்த இடம் மக்கள் பூங்காதான்.

பிறகு என்ன ஆயிற்று?

1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. நாடகமும் கூட்டமும் நடத்த மண்டபம் வேண்டும் அல்லவா? 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. ஜனங்களுக்குச் சந்தை வேண்டும் அல்லவா? 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. நகரசபைக்குக் கட்டடம் வேண்டும் அல்லவா? பிறகு விளையாட்டு அரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. அதே ஆண்டில் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போயிற்று.

இதில் எது கெட்ட காரியம்? ஒன்றுமே இல்லை! மண்டபம் நல்லது. சந்தை நல்லது. அலுவலகம் நல்லது. விளையாட்டு நல்லது. ரயில் நல்லது. இத்தனை நல்ல காரியங்களும் சேர்ந்து ஒரு பூங்காவைத் தின்றுவிட்டன. ஒரு மூலையில் மை லேடீஸ் பூங்கா மட்டும் மிச்சம்.

பூங்காவைத் திருடன் வந்து தூக்கிக்கொண்டு போவதில்லை. "கொஞ்சம் இடம் கொடுங்கள், நல்ல காரியத்துக்கு" என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் போகிறது. கடைசியில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது.

டிரெவெல்யன் பூங்காவுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1959-ல், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்த வெளிகளையும் காப்பாற்ற இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. எந்த எந்த இடம் பூங்கா என்று உள்ளாட்சி மன்றங்கள் பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ஊரார் கண் திறந்திருந்தால்தான் காகிதத்துக்கு உயிர்.

காப்பாற்றிய ஊர்கள்

காப்பாற்றிய ஊர்களும் இருக்கின்றன.

பெங்களூர் லால்பாக், 1760-ல் ஹைதர் அலி தொடங்கியது. 240 ஏக்கர். அதற்குள்ளே ஒரு பெரிய பாறை இருக்கிறது. சுமார் 300 கோடி ஆண்டு வயது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அதை வெட்டி ஜல்லியாக்கியிருந்தால் நாலு தெருவுக்குச் சாலை போட்டிருக்கலாம். ஆனால் தேசிய நிலவியல் சின்னமாக வைத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக அந்தப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். வெறும் பாறைக்கே அந்த மரியாதை! கழுகுமலைப் பாறையில் சிற்பமும் எழுத்தும் கோயிலும் இருக்கின்றன.

மதுரைக்குப் பக்கத்தில், மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. அங்கேயும் மலை. அங்கேயும் சமணர் படுக்கை. அங்கேயும் குடைவரைக் கோயில். மதுரைச் சீமையில் பல குன்றுகளைக் கிரானைட்டுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். குன்று இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. அரிட்டாபட்டிக்காரர்கள் விடவில்லை. தங்கள் மலையைக் காத்தார்கள். 2022-ல் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் தலம் அதுதான். 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

படித்தவர்களும் பணக்காரர்களும் மட்டும் நடத்திய போராட்டம் அல்ல அது. விவசாயிகள் நடத்தியது. மலை போனால் மழைத் தண்ணீர் வழிந்து கண்மாய்க்கு வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புல்தரை வேண்டாம், வேப்பமரம் போதும்

சரி, மலையைப் பூங்காவாக நினைப்பது என்றால் என்ன செய்வது?

முதலில், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பூங்கா என்றால் பச்சைப் புல்தரை, நீரூற்று, சிமெண்டு யானை, வண்ண விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். திறப்பு விழாவில் நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். புல் கருகிவிடும். நீரூற்றில் தவளை இருக்கும். யானைக்குத் தும்பிக்கை இருக்காது.

கரிசல் மண்ணின் குணம் அப்படி. மழையில் ஊதிக் குழையும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் கை நுழையும். அஸ்திவாரம் ஆழமாக இல்லாத சுவர் விரிந்து போகும். குடிக்கவே தண்ணீர் தேடுகிற சீமையில் புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் ஏது?

இந்த மண்ணுக்கு என்று மரங்கள் இருக்கின்றன. வேம்பு, புளி, ஆல், அரசு, புங்கு, இலந்தை, பனை. இரண்டு மூன்று கோடை காப்பாற்றிவிட்டால் போதும். பிறகு ஒரு தலைமுறைக்கு நிழல் தரும். அடிவாரத்தில் இந்த மரங்கள் தோப்பாக நின்றால் அதுதான் பூங்கா. மரத்தடியில் கல் பலகை போட்டால் அதுதான் ஆசனம். ஒரு கிளையில் கயிறு கட்டினால் அதுதான் ஊஞ்சல்.

வேண்டியது இன்னும் மூன்று. ஒன்று, குடிதண்ணீர். மலை ஏறுகிற குழந்தைக்குத் தாகம் எடுக்கும். இரண்டு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. இது இல்லாத இடத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் அரைமணியில் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் வராத பூங்கா பூங்கா அல்ல, சீட்டாட்டக்காரர்களின் கூடாரம். மூன்று, ஓர் ஆள். காவலுக்கு மட்டும் அல்ல. "இது என்ன சிற்பம்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள். உள்ளூர்ப் பிள்ளைகளிலேயே படித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு ஆயிற்று.

மலைமேல் எதையும் கட்டக் கூடாது. வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அவர்களைக் கேட்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு ஊருக்கு இடைஞ்சல் அல்ல, ஊருக்குப் பூட்டு. பூட்டு இருக்கிற வீட்டில்தான் பண்டம் மிஞ்சும்.

மற்றொன்று. பூங்கா ஆன பிறகு, "டிக்கெட் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். போடக் கூடாது. மெரினாவுக்கு டிக்கெட் உண்டா? கிடையாது. அதனால்தான் ரிக்‌ஷாக்காரரும் நீதிபதியும் ஒரே மணலில் உட்காருகிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் ஐம்பது ரூபாய். வாரம் தவறாமல் வர நினைப்பவர்கள் மாதம் ஒருமுறை வருவார்கள். பிறகு வரமாட்டார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

எல்லாவற்றையும் பஞ்சாயத்தும் அரசும் செய்ய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடும்பங்கள் இன்றைக்கே தொடங்கலாம்.

அதிகாலையில் போக வேண்டும். அல்லது வெயில் தாழ்ந்த பிறகு போக வேண்டும். உச்சி வெயிலில் பாறை சுடும். மழை நாளில் பாறை வழுக்கும். சிறு பிள்ளைகளின் கையை விடக் கூடாது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். கட்டுச்சோறு கட்டினால் அதைவிட விசேஷம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நாலு இருந்தால் பிள்ளைகள் சத்தம் போடாமல் ஏறுவார்கள்!

கொண்டு போன காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டு வர வேண்டும். மேலே ஏறும்போது நிறைந்திருந்த பை, இறங்கும்போது காலியாக இருக்கிறது. அதைத் தூக்கி வருவது ஒரு சுமையா?

பாறையில் பெயர் எழுதக் கூடாது. பழைய சின்னங்கள் உள்ள இடமெல்லாம் இந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது. "பழைய காலத்தவர்களும் பெயர் எழுதினார்களே" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. உண்மைதான். அவர்கள் ஒரு சிற்பத்தைக் கொடுத்துவிட்டு, அதன் அடியில் பெயர் எழுதினார்கள். ஆணியால் பெயர் கீறுகிறவர் என்ன கொடுத்துவிட்டு எழுதுகிறார்?

பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை மேலே அழைத்துப் போக வேண்டும். தூரத்து ஊருக்குச் சுற்றுலா போகட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தஞ்சாவூர்க் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெட்டுவான் கோயிலைப் பார்க்காமல் படிப்பை முடிக்கிற பிள்ளைக்கு என்ன படிப்பு வந்தது?

பெயர் மட்டும் மிஞ்சக் கூடாது

இந்த ஊருக்கு ஏன் கழுகுமலை என்று பெயர்? சடாயுவின் அண்ணன் சம்பாதி என்ற கழுகரசன் இங்கே முருகனை வழிபட்டான் என்கிறது தலக்கதை. அதனால் மலைக்குக் கழுகுமலை என்று பெயர். சாமிக்குக் கழுகாசலமூர்த்தி என்று பெயர்.

அந்தக் கழுகு இனத்தின் கதி என்ன? செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்த பிணந்தின்னிக் கழுகுகள், 1990-களிலிருந்து இந்தியா முழுவதும் மடிந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போய்விட்டன. யாரும் அவற்றைச் சுடவில்லை. மாட்டின் வலிக்கு டைக்ளோஃபெனாக் என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். அந்த மாடு செத்தால், தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, கழுகும் செத்தது. காரணம் தெரிந்து 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கழுகுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

மாட்டுக்கு மருந்து கொடுத்தது நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியத்தில் கழுகு போயிற்று. சென்னையில் மண்டபமும் சந்தையும் நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியங்களில் பூங்கா போயிற்று. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு பெரிய பொருள் அழிந்துபோகும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் போதும்.

சென்னையில் பார்க் ஸ்டேஷன் இருக்கிறது, பார்க் இல்லை. கழுகுமலையில் கழுகு என்ற பெயர் இருக்கிறது. மலை இருக்கிறது. அதையாவது முழுசாக வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். ஊரார் மலைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குப்பை கொட்ட வருகிறவன் தயங்குவான். பாறையில் உளி வைக்க வருகிறவன் பயப்படுவான். "கொஞ்சம் இடம்" கேட்டு வருகிறவர் யோசிப்பார். பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற மரத்தடியை அவ்வளவு எளிதாக யாரும் பறித்துவிட முடியாது.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வேலையைப் பாதியில் விட்டுப் போன சிற்பிகள், மீதி மலையைத் தொடாமல் விட்டுப் போனார்கள். அந்த மீதி மலை கழுகுமலைப் பிள்ளைகளின் சொத்து. பத்திரம் எழுத வேண்டியதில்லை. ஏறிப் போய் உட்கார்ந்தால் போதும்!